நீர்மேற் செலவும் நீர்க்கீழ் ஊரும்

பிறர் இழந்ததன் மேல் நின்று ஒருவர் இன்புறுவது அறத்துக்கு ஒக்குமா என்னும் வினா புதியதன்று. ஆயினும் பொதுவினாவாக இருக்கும் வரையில் அஃது எவரையும் சுடுவதில்லை. குறிப்பிட்ட ஓரிடத்தோடும் குறிப்பிட்ட ஒரு செயலோடும் அது பிணைக்கப்படும்போதே அதன் கூர்மை புலனாகின்றது. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் செயல் மிகச் சிறியது. கணவனும் மனைவியுமாகிய இருவர் ஓர் இயந்திரப் படகை வாடகைக்கு அமர்த்தி ஆற்று நீரிலே செல்கின்றனர், கரையோர ஊர்களில் இடையிடையே இறங்குகின்றனர், மாலையில் மீள்கின்றனர். எடுத்துக்கொள்ளும் இடம் கண்டியும் அதன் சூழலும். இதில் அறவினா எழுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் வியக்கலாம். விடுமுறைக் களிப்பைக்கூட மெய்யியலார் விட்டுவைக்கமாட்டார்களா என்று நகைக்கவும் கூடும். அந்நகைப்பு நியாயமானதே. ஆனால் இப்பகுதியின் ஆற்று நீர் எவ்வாறு படகோடும் நீராயிற்று என்பதை நோக்கிய பின்னரும் அந்நகைப்பு நிலைக்குமா என்பது வேறு கேள்வி.

கடுகண்ணாவையிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். கொழும்பிலிருந்து வரும் வீதி மலையேறி முடிக்கும் இக்கணவாய் ஒரு நீர்ப்பிரிமேடு. மேற்குச் சரிவில் விழும் மழை ஓடைகளாய் இறங்கி மகா ஓயாவை அடைந்து மேலைக்கடலிற் கலக்கின்றது. கிழக்கே விழுவது மகாவலி கங்கையைச் சேர்ந்து, நாட்டின் மறுபுறத்தே திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் முடிகின்றது. ஒரே முகிலின் துளிகள் இரண்டு, ஒரு முழ இடைவெளியில் விழுந்தமையால், இரு வேறு கடல்களுக்கு உரியனவாகின்றன. இவ்விரு புறத்து நீரும் இங்கே கலம் தாங்கும் நீரன்று. பாறையிலும் பள்ளத்திலும் விழுந்தோடும் மலையாறுகளில் மக்கள் கண்டவை துறைகளே. இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தோணி சென்றது. ஆற்றின் வழியே ஊர்விட்டு ஊர் செல்லும் நீண்ட படகுச் செலவு கண்டியைச் சூழ்ந்த பகுதியில் வழக்கமாக இருந்ததில்லை. பேராதனையில் 1833இல் முதிரை மரத்தாற் பாலம் அமைந்தபின் அவ்விடத்துத் தோணிக்கும் தேவை குறைந்தது.

படகு செல்லாத ஆறும் வண்டி ஏறாத மலையுமே கண்டி அரசுக்கு அரண்களாயின. அவ்வரசு 1815இல் வீழ்ந்தபின், மலையை வசப்படுத்த வீதி வேண்டும் என்பதை ஆங்கிலேயர் உணர்ந்தனர். எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியாக இருந்த 1820களில் கடுகண்ணாவை மலையிற் பாறை குடையப்பட்டு வீதி மேலேறியது. பாறையைத் துளைத்து வருவோனே கண்டியை வெல்வான் என்றொரு வழிவழிக் கதை உண்டு. வீதியருகே இன்றும் காணப்படும் குடைவு அக்கதையை நினைவூட்டுகின்றது. வீதியை அமைத்த பொறியியலாளர் தோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் கணவாயின் உச்சியில் நிற்கின்றது. பாறை உடைத்தோர், கல் சுமந்தோர், இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின் பேரால் வயலைவிட்டு அழைக்கப்பட்டோர் ஆகியோரின் பெயர்கள் அக்கோபுரத்தில் இல்லை. அவ்வூழிய முறை 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. கோபுரம் எழுந்த காலத்தை ஒட்டி.

இன்று நாம் பேருந்தில் அவ்வளைவுகளைக் கடக்கின்றோம். 1867இல் கண்டியை எட்டிய இருப்புப் பாதையில் புகைவண்டி அம்மலைவிளிம்பிலே வளைந்து ஏறுகையில் சன்னலோரத்தார் பள்ளத்தாக்கையும் அதற்கப்பால் எழும் பத்தலேகல மலையையும் கண்டு மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி குற்றமாகுமா என்று எவரும் வினவியதாகத் தெரியவில்லை. காலம் கடந்துவிட்டது என்பது பொதுவாகக் கூறப்படும் சமாதானம். இச்சமாதானத்தைப் பின்னர் எடைபோடுவோம்.

மகாவலியின் கதை நமக்கு அண்மையது. 335 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாறு, 1977இன் பின்னர் விரைவுபடுத்தப்பட்ட திட்டமொன்றின் கீழ் வந்தது. முப்பது ஆண்டுகளில் நிறைவேற்றக் கருதப்பட்டதை ஏறத்தாழ ஆறாண்டுகளில் முடிக்க அரசு முனைந்தது. கண்டிக்குக் கிழக்கே, பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்ரோறியா அணை 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் கொண்டது. அதன் மின்னிலையத்தின் ஆற்றல் 210 மெகாவற். மேலே கொத்மலையில் மற்றோர் அணை அதே காலத்தில் எழுந்தது. அணைக்குப் பின்னே நீர் ஏறிற்று. பள்ளத்தாக்கின் வயல்கள், தென்னந்தோப்புகள், விகாரைகள், லயங்கள், கடைத்தெருக்கள் யாவும் மூழ்கின. பழைய தெல்தெனிய நகரம் விக்ரோறியா நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கின்றது. கொத்மலையில் நீர் வற்றுங் காலங்களிற் கடதொர விகாரையின் இடிபாடு வெளிவந்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். குடிபெயர்க்கப்பட்டோர் பல்லாயிரவர், அவருட் பலர் தாழ்நிலத்துக் குடியேற்றப் பகுதிகளுக்குச் சென்றனர், சிலர் மேட்டிலே புதிதாக அமைந்த தெல்தெனியவை அண்டித் தங்கினர்.

இதன் விளைவு ஒன்றே நமது வினாவுக்கு உரியது. கண்டியின் அருகே மகாவலி முதன்முதலாக அகன்ற, ஆழ்ந்த, அசையாத நீராயிற்று. படகேறி மணிக்கணக்காகச் செல்லத்தக்க நீர் இப்பகுதிக்குக் கிடைத்தது. ஆற்றுவழிச் செலவின் இன்பம் கரையோர ஊர்களிற் படகு அணைவதில் உள்ளது என்பர். நாம் கற்பித்துக்கொண்ட அவ்விருவரின் படகு தெல்தெனியவை அடையும்போது அணைவதற்குத் துறையில்லை. அவர்கள் இறங்கவேண்டிய ஊர் படகின் அடிமரத்துக்குக் கீழே உள்ளது.

அவர்களது இன்பம் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதனை இழிவுபடுத்துதல் நமது நோக்கமன்று. உவகை தோன்றும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் வகுப்பவை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு. படகு அமர்த்தும் வசதி, நீரின் மேல் வீசும் காற்று, உடனிருக்கும் துணை, கடமையற்ற ஒரு பகல் என இந்நான்கும் ஒருங்கே கூடும் தருணங்கள் மனித வாழ்விற் பல அல்ல. தோட்டத்துப் பாடசாலையொன்றில் ஆண்டெல்லாம் உழைத்த ஆசிரியரும் அவர் மனைவியும் ஒருநாள் இவ்வாறு சென்றனர் எனக் கொண்டால், அவர்களைப் பார்த்து முகஞ்சுளிப்பவன் அறவோன் ஆகான். பரிபாடலின் வையைப் பாடல்கள் காதலரின் புனலாட்டைப் பாடிய மரபு நம்முடையது. அதேவேளை அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாக இழவினை, உரியது ஒன்றை இழத்தலை, அதே நூல் வைத்துள்ளது. உவகைக்கும் அழுகைக்கும் ஒரே நீர்ப்பரப்பு நிலைக்களனாகும்போது யாது செய்வது என்பதற்கு இலக்கண நூலில் விதியில்லை.

இவ்விடத்தில் இமானுவேல் கான்ற் துணைக்கு வரக்கூடும். 1790இல் வெளிவந்த தமது அழகியல் ஆய்வில் அவர் ஓர் அரண்மனையை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். அது அழகியதா என்று தம்மை வினவினால், மக்களின் வியர்வையை வீண்பகட்டில் விரயஞ்செய்யும் பெரியோரை ரூசோவைப் போலக் கண்டித்து விடையிறுக்கத் தம்மால் இயலும் என்றும், ஆனால் கேட்கப்பட்டது அஃதன்று என்றும் அவர் கருதுகின்றார். அழகு பற்றிய தீர்ப்பு, பொருளின் இருப்பிலே தனக்குள்ள பற்றினை நீக்கி, அதன் தோற்றத்தை மாத்திரம் எண்ணிப் பிறப்பது என்பது அவர் நிலை. ஆகவே, நீர்த்தேக்கம் அழகியதா என்பது ஒரு வினா. அது எவ்வாறு உண்டாயிற்று என்பது மற்றொரு வினா. இரண்டையும் கலப்பவன் இரண்டையும் கெடுக்கின்றான்.

இவ்வாதம் வலிமையுடையது. அறநெறி பேசுவோர் பலர் அழகினை ஐயத்துடனேயே நோக்குவதைக் காண்கையில், கான்றின் பிரிப்பு ஒரு விடுதலையாகவும் தோன்றும். ஆனால் அது சிந்திப்போனுக்குப் பொருந்துமளவு பயணிக்குப் பொருந்துவதில்லை. கான்றின் மனிதன் அரண்மனைக்கு முன்னே நிற்கின்றான். அவனுக்கு அது வேண்டியதில்லை. படகிலிருப்போர் அந்நீரின் மேல் மிதக்கின்றனர். அது இல்லாவிடின் அவர்களது பகல் இல்லை. அழகு என்று ஒருவர் மற்றவரிடம் கூறியதும் அடுத்த ஆண்டும் வருவோம் என்ற சொல் பிறக்கின்றது. பொருளின் இருப்பிலே பற்று நீங்கிய நிலை இதுவன்று. அப்பொருள் இருந்தே ஆகவேண்டும் என்ற விருப்பம் அவர்கள் களிப்பின் உள்ளீடாக இருக்கின்றது.

அவ்வாறாயின் அந்த இருப்பை விரும்பியவர் அதன் பிறப்பையும் ஒப்புக்கொண்டவராவாரோ? அவசரப்பட்டு ஆம் எனல் ஆகாது. இவ்விதழை மாலையில் வாசிப்போர் மின்விளக்கின் கீழ் வாசிப்பர். அம்மின்சாரத்தின் ஒரு பகுதி மகாவலியின் அணைகளிலிருந்து வருவது. படகேறாதவர் பெறும் பயன் படகேறியவர் பெறும் பயனிலும் பெரிது. அஃது நாள்தோறும் பெறப்படுவது. ஆயினும் விளக்கின் ஆளியை அழுத்துகையில் எவர் நெஞ்சும் உறுத்துவதில்லை. படகில் மாத்திரமே உறுத்தல் எழுகின்றது. இவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது? பயன் ஊமை, இன்பம் பேசும். பயன்கொள்வோன் எதனையும் வாழ்த்துவதில்லை, இன்புறுவோன் வாழ்த்துகின்றான். அவ்வளவே வேறுபாடு. இழப்பைக் கொண்டு ஒருவரைக் கடனாளியாக்குவதாயின், படகுக்காரரிலும் விளக்குக்காரரே பெருங்கடனாளர். மகிழ்பவரைக் குற்றவாளியாக்கி, வாய்திறவாது பயன்கொள்வோரை விட்டுவிடும் அறவுணர்ச்சி எனக்கு ஐயத்துக்குரியதாகவே படுகின்றது.

இன்னொரு சான்று நமக்கு நெருக்கமானது. மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒருவர் இம்மலைகளை நோக்கி இவை எத்துணை அழகியவை என்கின்றார் எனக் கொள்வோம். அவருடைய முன்னோர் இங்கு வந்தது வறட்சியாலும் கடனாலும் கங்காணி முறையாலும். மன்னாரிலிருந்து காடு கடந்து நடந்து வரும் வழியிலே மாண்டவர் பலர். அம்மலைகளிற் காடு வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்ட உழைப்பிலே பிறந்தது இக்காட்சி. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. இவையனைத்தையும் அறிந்திருந்தும் அம்மலைகளை அவர் அழகென்றால், பஞ்சத்தையும் கங்காணியையும் அச்சட்டத்தையும் வாழ்த்தினாரென்று கூறுவது அறிவீனம். இருப்பதில் மகிழ்தல் வேறு. அது வந்த வழிக்கு உடன்படல் வேறு. அவருடைய மகிழ்ச்சியை இழிவாக்காமல் நிறுத்துவது அவரது அறிவே. விலை தெரிந்து கூறப்படும் சொல் அது.

எனவே வினா அறிவின் பாற்படுகின்றது. படகிலுள்ள இருவர் அறிந்தவரா, அறியாதவரா? அறியாமை குற்றமன்று; அறிய விரும்பாமையைப் பற்றி அவ்வாறு கூறுவதற்கில்லை. படகோட்டும் இளைஞர் அணையின் உயரத்தைக் கூறுவார், மெகாவற் கணக்கைக் கூறுவார், நீர்குடிக்க யானை இறங்கும் கரையைக் காட்டுவார். கீழே இருக்கும் ஊரைப் பற்றிக் கேட்டாலன்றிக் கூறமாட்டார். கேட்பது பயணியின் வேலை.

கேட்பதற்கு வேண்டியது நேரம். இயந்திரத்தைக் குறைகூறுவது நம் எழுத்தாளரிடையே ஒரு பழக்கம். துடுப்பு நல்லது, இயந்திரம் தீயது என்ற வாய்பாடு எனக்கு உடன்பாடன்று. தோணி வலித்தவனின் தோள்வலியை நினைப்பவர் அவ்வாறு எழுதார். ஆயினும் விரைவுக்கு ஒரு தன்மை உண்டு. 2023ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் வாரணாசியிலிருந்து புறப்பட்ட கங்கா விலாஸ் என்னும் சொகுசுக் கப்பலை எண்ணிப் பார்க்கலாம். 36 பயணிகள் தங்கத்தக்க அக்கலம் வங்காள தேசத்தின் ஊடாகத் திப்ருகார் வரை 51 நாள்களில் ஏறத்தாழ 3,200 கிலோமீற்றர் செல்லத் திட்டமிடப்பட்டது. வழியிற் காண்பதற்கு ஏறத்தாழ ஐம்பது இடங்கள் குறிக்கப்பட்டன. நாளொன்றுக்கு ஓரிடம். பட்னாவுக்கு ஒரு பகல், டாக்காவுக்கு ஒரு பகல். பயணி கரையிறங்கும்போது ஊர் அவருக்காக ஆயத்தமாக நிற்கின்றது. அவர் மீளும்போது ஊர் தன் வேலைக்குத் திரும்புகின்றது. வாங்குவோரும் விற்போருமாக இருவரும் சந்தித்தனர். விருந்தினரும் விருந்தோம்புவோருமாகச் சந்திக்கவில்லை. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. ஆனால் இதனை அவ்வூரை அறிந்தமை என்று சொல்ல இயலாது.

கடுகண்ணாவைப் பகுதிக்கே உரிய மற்றொரு தம்பதியரின் செலவு இதற்கு நேர்மாறானது. ஆனந்த குமாரசுவாமியும் அவர் மனைவி எதெல் பாற்றிட்ஜும் 1903இல் இலங்கைக்கு வந்தனர். கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக அவர் நாட்டின் உட்பகுதிகளில் அலைய நேர்ந்தது. கண்டிநாட்டுக் கிராமங்களில் வண்டியும் நடையுமாக இருவரும் சென்றனர். நெசவாளர், கொல்லர், தச்சர், பாய் பின்னுவோர் ஆகியோரின் முற்றங்களில் அமர்ந்து தொழில்நுட்பம் கேட்டறிந்தனர். எதெல் ஒளிப்படங்கள் எடுத்தார். கடுகண்ணாவைக்கும் பேராதனைக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள கடலாதெனிய, லங்காதிலக, எம்பக்கை முதலிய கோயில்களின் கலை அவர்களது ஆய்வுக்குரிய வளமாயிற்று. கடலாதெனியவை 14ஆம் நூற்றாண்டில் அமைத்த சிற்பாசாரியின் பெயர் கணேசுவராசாரி. தென்னிந்தியக் கட்டடமரபு அக்கோயிலில் வெளிப்படையாகத் தெரியும். இப்பயணங்களின் பயனாகிய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. வில்லியம் மொறிசின் கெல்ம்ஸ்கொற் அச்சகத்துக்குரியதாயிருந்த பொறியிலே, குமாரசுவாமியே முன்னின்று அச்சிட்ட பிரதிகள் 425.

அந்நூலின் பெருமை அது அழகினைக் கண்டு கூறியதில் மாத்திரம் இல்லை. கைத்தொழிலாளரை நிலத்தோடும் ஊழியத்தோடும் கோயிலோடும் பிணைத்திருந்த அமைப்பு குலைந்ததும் கலை எவ்வாறு நலிந்தது என்பதை அது காட்டுகின்றது. ஒரு செப்புக் கலத்தைக் கையிலெடுத்து வியக்கும்போதே அதனைச் செய்தவரின் மகன் ஏன் அத்தொழிலைச் செய்யவில்லை என்று அது கேட்கின்றது. களிப்பும் துயரமும் ஒரே பார்வையில் அடங்கின. இங்கே ஒன்றைக் குறிப்பிடாது விடுதல் நேர்மையாகாது. அவ்விருவரின் மணவாழ்வு நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் பிரிந்தனர். இருவராக நன்கு பார்த்தமையால் அவர்கள் ஒருவருக்கொருவர் நன்கு வாழ்ந்தனர் என்று முடிவுகட்ட இயலாது. பார்வையின் அறமும் இல்வாழ்வின் அறமும் ஒன்றல்ல.

இருவராகச் செல்வதன் இயல்பு பற்றியும் சிந்திக்க வேண்டியுள்ளது. தனியே செல்வோன் சலிப்பினாலேனும் அயலானிடம் பேச்சுக் கொடுப்பான். காதலர் இருவர் தம்முள் நிறைந்தவர். மூன்றாமவர் அவர்களுக்கு வேண்டியதில்லை. அவ்வடைப்பே அவர்களது இன்பத்தின் மெருகு. அகத்திணை மரபிலும் நிலம் காதலருக்குப் பின்புலமாகவே வருகின்றது என்று கூறுவோருளர். அது பாதி உண்மை. நெய்தல் நிலத் தலைவி பரதவர் மகள். குறிஞ்சித் தலைவி தினைப்புனம் காப்பவள். அந்நிலம் அவர்களுடையது, அதன் பறவையும் மீனும் அவர்கள் வீட்டார் வாழ்வுக்குரியவை. படகிலுள்ள தம்பதியர்க்கு நிலம் ஒரு பகலுக்கு இரவல் பெறப்பட்டது. சொந்த நிலத்தைப் பின்புலமாக்குவோர்க்கு உள்ள உரிமை இரவல் பெற்றவர்க்கும் உண்டா என்பது அகமரபு கேட்டிராத கேள்வி.

ஆனால் சிலப்பதிகாரம் இதனை அணுகிற்று எனலாம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் வையைக் கரையை அடைகின்றனர். பெருந்துறையிலே குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் அமைந்த அம்பிகள் இன்பவுலாவுக்குரியனவாய் நிற்கின்றன. அத்துறைக்குச் செல்லாது, வேறோர் இடத்தில் மரப்புணையொன்றில் ஏறி அவர்கள் மறுகரை சேர்கின்றனர். கண்ணகிக்கு நேரவிருப்பதை அறிந்தவள் போன்று வையை மலராடையால் தன்னை மறைத்துக் கண்ணீரை அடக்கினாள் என்று இளங்கோ கூறுகின்றார். இங்கே கடப்போர் அறியார், ஆறு அறியும், அறிந்தும் கூறவில்லை. நமது நீர்த்தேக்கத்தில் நிலைமை ஒருவகையில் ஒத்தது, மற்றொருவகையில் மாறானது. ஆறு அறிந்தது நடந்துமுடிந்த துன்பம். அது கடப்போர்க்கு உரியதன்று, பிறர்க்கு உரியது. தன் துன்பத்தை அறியாதவனிடம் நாம் இரங்குகின்றோம். பிறர் துன்பத்தை அறியாதவனிடம் என்ன செய்வது?

அறிவித்துவிட்டால் போதும் எனத் தோன்றலாம். கரையிலே ஒரு பலகை நாட்டி மூழ்கிய ஊர்களின் பெயர்களைப் பொறிக்கலாம். படகோட்டிகள் அவற்றை ஒப்பிக்கலாம். அறிவே தீர்வு என்று மேலே கூறியதற்கு இது இயல்பான முடிவு. ஆயினும் இம்முடிவில் ஒரு சிக்கல் உள்ளது. வறட்சி மிக்க ஆண்டுகளில் நீர் இறங்கிப் பழைய தெல்தெனியவின் எச்சங்கள் வெளிப்படும்போது, அவற்றைக் காண மக்கள் திரள்கின்றனர். அவர்கள் அறியாதவர் அல்லர். அங்கு ஊர் இருந்தது என்பதை அறிந்தமையாலேயே வருகின்றனர். சேறு காய்ந்த தெருவில் நின்று படம் எடுக்கின்றனர். இழப்பு அறியப்பட்டது, அறியப்பட்டதும் அதுவே காட்சிப்பொருளாயிற்று. அவலம் அரங்கிலே சுவையாகும் என்பது வடமொழி அழகியலாரின் கொள்கை. அரங்கில் அழுபவன் நடிகன் என்பதனாலேயே அது சுவையாகின்றது. இங்கே இழந்தவர் நடிகரல்லர். ஆகவே அறிவு இன்பத்தைத் தூய்மையாக்கும் என்ற நமது முந்திய முடிவு திருத்தம் வேண்டுகின்றது. மலையகத்தவரின் எடுத்துக்காட்டில் அறிவு தூய்மை செய்தது, அது தம்மவரின் விலை என்பதனால். பிறரின் விலையை அறிந்திருத்தல் அவ்வளவு எளிதாக எவரையும் தூய்மையாக்குவதில்லை. இழந்தவர் அதனைக் கேட்போர்க்கெல்லாம் சொல்லக் கடமைப்பட்டவரும் அல்லர். படகோட்டியின் மௌனத்தை வணிக மௌனம் என்று எண்ணுகின்றோம். அவர் தந்தையின் வயல் அந்நீரின் கீழ் இருக்குமாயின் அம்மௌனத்துக்கு வேறு பெயர் உண்டு.

இழந்தோர் யார் என்னும் கணக்கும் நேரானதன்று. வயலுக்கு உறுதி வைத்திருந்தவர் இழப்பைக் காட்ட முடிந்தது. மாற்றுக்காணியும் கேட்க முடிந்தது. தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவரின் பெயரில் அடுப்புக்கல்லும் இல்லை. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பப்படக் காத்திருந்தவர் எந்தப் பதிவேட்டில் தமது முற்றத்தைக் கேட்டிருப்பார்? மூழ்கிய விகாரைக்குக் கோபுரம் வெளிவருகின்றது. மூழ்கிய லயத்துக் காமன் கூத்துத் திடலுக்கு வறட்சியிலும் அடையாளம் வராது. இவ்வாறு கூறுவதால் விகாரையை இழந்தவரின் துயரம் குறைந்ததென்று எவரும் கொள்ளலாகாது. சிங்களக் குடியானவரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே நீரின் கீழ் இழந்தனர் என்பது, நம் இரு சமூகங்களின் அண்மைக்கால வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒற்றுமைகளுள் ஒன்று.

கடுகண்ணாவைக்கு உரியதாகக் கூறப்பட்ட காலம் என்னும் சமாதானத்தை இப்போது எடைபோடலாம். கட்டாய ஊழியத்தால் அமைந்த வீதியில் நாம் மகிழ்ந்து செல்வது, கேட்பவர் எவரும் உயிரோடில்லை என்பதனால் என்றால், அவ்வாதம் இன்னும் ஐம்பது ஆண்டுகளில் நீர்த்தேக்கத்துக்கும் பொருந்திவிடும். காத்திருந்தால் போதும், அறம் தானே தீர்ந்துவிடும். எவர்க்கும் உவப்பான முடிவன்று இது. காலம் செய்வது வேறொன்று. இழந்தவரின் மக்களை அது பயணிகளாக்குகின்றது. தாழ்நிலக் குடியேற்றத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணொருத்தி தன் தந்தையுடன் ஒரு வறண்ட ஆண்டில் தெல்தெனியவுக்கு வருகின்றாள் எனக் கொள்வோம். தந்தை ஒரு சுவரின் அடியைக் காட்டி, இங்கே நமது கடை இருந்தது என்கிறார். அவள் அதைப் பார்க்கின்றாள், தலையசைக்கின்றாள். அவளுக்கு அது கல். அவளுடைய ஊர் வேறு. அங்கே அவளது பாடசாலை, வாய்க்கால், தோழியர். தந்தை அழவேண்டிய இடத்தில் அவள் அழவேண்டும் என்று எந்த அறநூலாலும் விதிக்க இயலாது. சிறிது நேரத்தில் அவள் எஞ்சிய நீரை நோக்கி, அப்பா, படகில் ஒருமுறை சுற்றி வரலாமா என்கிறாள். அவர் சற்றுநேரம் பேசாது நின்று, பின்னர் படகுக்காரரிடம் வாடகை எவ்வளவு என்று கேட்கின்றார்.